கொய்யா மரம் இறங்கு

எங்கள் வாசலில் உள்ள பஸ் தரிப்பிடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கண்டக்டர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த காலத்தில் அது 'தலைவர் வீடு'. அப்பா பிரதேச சபைக்குத் தெரிவானதும் 'மெம்பர் வீடு' ஆயிற்று. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் குரல் கேட்டால், அப்பா வேட்டியைச் சரிசெய்து முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் இறங்குவார்.

போன தேர்தலில் அப்பா தோற்றார். தோல்வியை நன்றாகவே தாங்கினார். வென்றவர் வீட்டுக்கே போய் மாலை போட்டுவிட்டு வந்தார். ஆனால் புதிதாக வந்த கண்டக்டருக்கு எங்கள் பரம்பரை தெரியாது. வாசலில் நிற்கும் மரத்தைப் பார்த்து, "கொய்யா மரம் இறங்கு" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ரோட்டுக்கும் தண்ணிக்கும் எத்தன வருசம் அலைஞ்சேன். கடைசில என்னய மரமாக்கிட்டானுங்க" என்று அப்பா அன்று சாப்பிடவில்லை. மரத்தை வெட்டச் சொன்னார். அம்மா விடவில்லை.

"இந்த வீட்டுல ஒழுங்கா காய்க்கிறது அது ஒண்ணுதான்" என்றார்.

அதனால் இந்த முறை தேர்தலில் நான் நின்றேன். அப்போதுதான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மக்கள் சேவை என்று சொல்லிக்கொண்டேன். அதிலும் பொய்யில்லை, தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏறும் குண்டும் குழியுமான பாதையை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நின்றேன்.

முதல் கூட்டம் பெரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அதே இடத்தில். நன்றாகத்தான் பேசினேன். முடிவில் பழக்கதோஷம் கவிழ்த்துவிட்டது. வாக்குச்சீட்டில் போட வேண்டியது புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. நானோ வாழ்நாள் முழுக்கப் பிழையான கணக்குகளுக்கு மட்டுமே சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டவள்.

"நல்லா யோசிங்க. யாரு பிழையோ அவங்களுக்குப் புள்ளடி போடுங்க" என்று முழங்கினேன்.

கூட்டம் திருதிருவென்று விழித்தது. கொழுந்து பறிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி எழுந்தாள். "அப்ப ஒங்களுக்குச் சரி போடவா டீச்சர்?"

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"வெளையாட்டுக்குச் சரி போட்டாங்கன்னா வோட்டெல்லாம் செல்லாம கழிஞ்சு போயிரும். லயம் லயமா போயி சொல்லு" என்று விரட்டினார். மூச்சு வாங்கினாலும் கூடவே ஏறி வந்தார். லயத்து வரிசை வீடுகளில் வாசல் வாசலாக நின்று எனக்கே புள்ளடி கேட்டேன். அந்த மாணவி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"எனக்கு எத்தன புள்ளடி போட்டிருப்பீங்க. எல்லாத்தயும் சேத்துத் திருப்பிப் போட்டுர்றேன்" என்றாள்.

"ஒண்ணு போதும்டி. கூடப் போட்டா அதுவும் கழிஞ்சிரும்."

ஒன்றுதான் போட்டிருக்க வேண்டும். நூலிழையில் வென்றேன்.

அடுத்த கிழமை அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பினோம். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். எங்கள் வளைவு வருவதற்கு முன்பே முதுகை நிமிர்த்திவிட்டார். 'மெம்பர் வீடு' என்ற குரலுக்காக இருவரும் காத்திருந்தோம். அதே கண்டக்டர் கம்பியைத் தட்டினார்.

"டீச்சர் வீடு இறங்கு."

அப்பா எழவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. கண்டக்டர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரோட அப்பா எறங்குறாரு, கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

இறங்கிய அப்பா, பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பரவால்ல. மரத்துக்கு டீச்சரோட அப்பா எவ்வளவோ தேவல" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்தபடியே வீட்டுக்குள் போனார்.