வாயைத் துடைக்கச் சொன்ன மைனா

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது என் நாத்தனாருக்கு நடந்தது. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது; பொய் சொன்னால் பாதியிலேயே சிரித்து மாட்டிக்கொள்வாள். இதைச் சொன்னபோது அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

ஆட்கள் காலி செய்த வீடுகளைக் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. அடைத்துக்கொண்ட குழாயில் கையை முழங்கை வரை விட்டு முடிக்கொத்தை இழுத்துப் போடுவாள். கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிடம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். அருவருப்பு என்ற பேச்சே அவளிடம் கிடையாது. அன்று வரை.

அது ஒரு மாடி அறை. தனியாகக் குடியிருந்த வயதான தையல்காரர் அங்கேயே இறந்துபோயிருந்தார். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா சாவியை நீட்டினார்.

"மேல ஒரு மைனா இருக்கு. கூண்டத் திறந்துடாத."

கூட வரவில்லை.

மதியம் இரண்டு பத்து. நல்ல வெயில். முதலில் குளியலறையைப் பளிச்சென்று கழுவி முடித்தாள். வாளியோடு அறைக்குள் வந்தாள்.

கர்ர்ர்...

யாரோ காறினார்கள். தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால், ஜன்னலோரக் கூண்டில் மைனா. நெஞ்சுக்குள்ளிருந்து சளியை இழுத்து, வாய்க்குள் உருட்டி, துப்பத் தெம்பில்லாமல் மறுபடி விழுங்குகிற சத்தம். அத்தனையும் ஈரமாக, பிசுபிசுவென்று.

"சீ! கத்துக்க வேற எதுவும் கிடைக்கலையா, சனியனே?"

தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாற்பது. இப்போது பல்செட்டைக் கழற்றுகிற சத்தம். ச்ளக்... அதைச் சப்பும் சத்தம். ஒழுகிய எச்சிலை சர்ரென்று உள்ளே உறிஞ்சும் சத்தம். அவள் தொண்டையிலேயே ஏதோ வழுக்கி இறங்குவது போலிருந்தது. ஒரு பழந்துணியை எடுத்துக் கூண்டின் மேல் போட்டாள்.

துணிக்குள்ளிருந்து, கிழவரின் குரல்.

"வாயத் தொடச்சு விடும்மா..."

தரையை இன்னும் வேகமாகத் தேய்த்தாள். வேலையை முடித்து ஓடினால் போதும்.

மூன்று ஐந்து. துணி தானாக நழுவி விழுந்தது.

மைனாவின் அலகு மூடியிருந்தது. கழுத்தைச் சாய்த்து, குளியலறைப் பக்கம் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே...

கர்ர்ர்...

நின்றது.

மைனா அலகைத் திறந்தது. அதே சத்தத்தை அப்படியே திருப்பிச் சொன்னது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். யாருமில்லை. ஆனால் அவள் கழுவி வைத்த வாஷ்பேசினில்...

மஞ்சளாக. நூல் நூலாக. மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

பிடிமானத்துக்கு விளிம்பில் கை வைத்தாள். விரலில் ஒட்டியது.

சூடாக இருந்தது.

படியில் பாதியிலேயே வாந்தி எடுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கீழே வந்து விழுந்தவளை வீட்டுக்காரம்மா தூக்கி உட்கார வைத்தார்.

"என்னாச்சும்மா?"

"அந்த மைனா... யாரோ கிழவர் மாதிரியே காறுது. வாயத் தொடச்சு விடும்மான்னு கேக்குது."

வீட்டுக்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"என்கிட்டதான் அப்படிக் கேப்பாரு. எனக்கு அதப் பாக்கவே குமட்டும். கடைசி மூணு நாள்... நான் மேல போகவே இல்ல."

என் நாத்தனார் மூச்சு வாங்கினாள். "அவர் வளத்த பறவைதானே. கேட்டுக் கேட்டுக் கத்துக்கிச்சுபோல."

வீட்டுக்காரம்மா இல்லையென்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. மைனாவ நான் குஞ்சா வாங்கி அந்த ரூம்ல விட்டே ரெண்டு மாசம்தான் ஆகுது. அது அவரப் பாத்ததே இல்ல..."