குடைமிளகாய்க்கு எடை ஏறாது

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைத் தராசக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காய்கறிகள் குளிர்பெட்டி இல்லாமல், சாதாரண அறையில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது எங்கள் பிரிவு. தினமும் காலை பத்து மணிக்கு எடை போட்டு எழுதுவது அக்கா. அதைத் தட்டச்சு செய்வது நான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு தப்பான எண்ணை எழுதியதில்லை. என் லட்சணத்தை இங்கே சொல்ல வேண்டாம்.

அந்த முறை குடைமிளகாய். ஒரே நாளில் பறித்த அறுபது காய்கள். ஒரு பங்கைத் தட்டில் திறந்து வைத்தோம், ஒரு பங்கை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில், மற்றதை இறுகக் கட்டிய பையில். கட்டியவை உள்ளுக்குள்ளேயே வியர்த்து, காம்படியில் பூசணம் பிடித்தன. ஓட்டைப் பைக்காரர்கள் மட்டும் பத்து நாள் மானத்தோடு இருந்தார்கள். திறந்து வைத்தவையோ நாலாம் நாளே சுருங்க ஆரம்பித்தன. பார்க்கச் சகிக்காமல், யாரும் இல்லாத நேரத்தில் நான் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டேன்.

மறுநாள் அக்கா தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு கைவெச்சது?"

"ஏங்க்கா?"

"எடை ஏறியிருக்கு. இந்த அறையில எதுக்கும் எடை ஏறாது. ஏறுச்சுன்னா யாரோ கைவெச்சிருக்காங்க."

"பாவமா இருந்துச்சுக்கா."

"பாவம் பாத்தா அழுகிடும். போன தண்ணி போனதுதான். நாம பாக்கலாம், எழுதலாம், அவ்வளவுதான்." அந்தத் தட்டையே குப்பையில் கொட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. வாடுவதைக் கைகட்டிப் பார்க்க ஒரு சம்பளமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அந்த மாதம்தான் அவள் கணவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அவர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று சொன்ன டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்து, "எடை குறையாமப் பாத்துக்குங்க. வாரா வாரம் எழுதி வைங்க" என்று அனுப்பிவிட்டார். யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

கூடத்தில் கழித்துப்போட்ட, மூட்டை நிறுக்கும் பழைய மேடைத் தராசு ஒன்றை அனுமதி கேட்டு வாங்கினாள். நானும் ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாக அவள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை, அதே பத்து மணி. முதல் வாரம் ஐம்பத்தொரு கிலோ நானூறு. அடுத்து ஐம்பது எழுநூறு. அதற்கடுத்து நாற்பத்தொன்பது எண்ணூறு. கஞ்சி வைத்தாள், பழம் பிழிந்தாள், கெஞ்சினாள், திட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை.

"என்னையும் ஓட்டப் பையில போட்டு வெச்சிடேன்னு சிரிக்கிறாரு" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானும் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல், என் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு நானும் போயிருந்தேன். தையல்காரர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து தராசில் ஏறினார். முள் ஐம்பது நூறில் நின்றது.

"பாத்தியா, ஏறிடுச்சு" என்றார். "காலையில பசிக்கக்கூடப் பசிச்சுது."

நல்ல சேதி என்று சொல்ல வாயைத் திறந்த நான், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அதன்மேல் கிடக்கும் பெரிய கத்தரிக்கோலைக் காணோம். துணி நகராமல் இருக்க வைக்கிற இரும்புக் கட்டியையும் காணோம். ஸ்வெட்டரின் இரண்டு பைகளும் கனத்துத் தொங்கின. ஒரு பையிலிருந்து கத்தரிக்கோலின் கறுப்பு வளையம் எட்டிப் பார்த்தது.

யார் கைவைத்தது என்று அவள் கேட்கவில்லை. நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, ஐம்பது நூறு என்று அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஆமாங்க, ஏறித்தான் இருக்கு. பாத்து இறங்குங்க."

அவர் இறங்கும்போது, பைகள் முட்டிச் சத்தம் போடாதபடி இரண்டு பக்கமும் கையால் தாங்கிக்கொண்டாள்.