மாடியில் ஒன்று, கீழே ஒன்று

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் அலுவலகம் கீழ்த்தளமும் மேல்மாடியுமாக ஒரு பழைய கட்டடம். துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரிப்பது எங்கள் தொழில். இருபது பேர் அளவில் இருக்கிறோம். கணினி என்ற பெயரில் அங்கே எது இருந்தாலும் அது என் பொறுப்பு. எல்லாருடைய ஃபைல்களும் ஒரேயொரு சேர்வரில் இருந்தன. ஒருநாள் காலை அதன் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. மாற்று டிஸ்க் வாங்கி, எடுத்துவைத்திருந்த பிரதியை அதில் போட்டு, மறுபடி ஓடவைக்க எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. அதுவரை இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கொள்கலன்கள் துறைமுகத்தில் எங்கள் காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தன.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். எல்லாம் சரிவந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இது திரும்ப நடக்காமல் இருக்க ஏதும் வழி இருக்கோ?”

“ரெண்டு சேர்வர் வைக்கலாம் சேர். ஒண்டு விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். கிளஸ்டர் எண்டு சொல்லுறது.”

“உங்களுக்கு அது செய்யத் தெரியுமோ?”

“தெரியாது சேர். படிக்கிறன்.”

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் கூட்டம்.

லினக்ஸ் எனக்கு அரைகுறையாகத் தெரியும். கிளஸ்டர் சுத்தமாகத் தெரியாது. வெள்ளவத்தையில் ரயில் ஏறி கோட்டையில் இறங்கும்வரை கைத்தொலைபேசியில் பாட வீடியோ பார்ப்பேன். இருக்கை கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடித்தபடி ஒரு காதில் மட்டும் கேட்பேன். கடல் பக்கத்திலேயே வரும்; அந்த நாட்களில் அதை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பழகிப் பார்க்க அலுவலகத்தில் கழித்துவைத்த இரண்டு பழைய கணினிகளை முச்சக்கரவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஃப்ளாட்டில் அவற்றை வைக்கச் சாப்பாட்டு மேசையைத் தவிர வேறு இடமில்லை. என் கணவர் கணித ஆசிரியர். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, மேசையில் இருந்த இரண்டையும் ஒரு வாரம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இதுகள் ரெண்டும் என்னதான் கதைக்குதுகள்?”

“‘இருக்கிறியா’ எண்டு ஒண்டு கேக்கும். ‘இருக்கிறன்’ எண்டு மற்றது சொல்லும்.”

“பிறகு?”

“பிறகும் அதுதான். செக்கனுக்கு ஒருக்கா.”

“பதில் வராட்டி?”

“அது செத்துப்போச்சு எண்டு நினைச்சு, இது வேலையைத் தொடங்கும்.”

“பதில் வரேல்லை எண்டதும் செத்துப்போறதும் ஒண்டில்லையே” என்றார்.

அதை நான் பொருட்படுத்தவில்லை. மேசையில் ஒன்றின் மின்சாரத்தைப் பிடுங்கினால் அரை நிமிடத்துக்குள் மற்றது எழுந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் நான் வேறு எதையும் கேட்கும் நிலையில் இல்லை. முதல்முறை அது நடந்தபோது கத்திவிட்டேன். பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து என்ன ஏதென்று கேட்டு வந்தார்கள்.

இரண்டு மாதத்தில் அலுவலகத்துக்குப் புதிய சேர்வர்கள் இரண்டு வந்தன. கூரை ஒழுகினாலும் தீப்பிடித்தாலும் இரண்டும் ஒன்றாகப் போய்விடக்கூடாது என்று ஒன்றைக் கீழ்த்தளத்திலும் மற்றதை மேல்மாடியிலும் வைத்தேன். கீழே உள்ளதில் எழுதுவதெல்லாம் உடனுக்குடன் மேலே உள்ளதிலும் பதியும். நான் பின்பற்றிய பாடத்தில் ஒரு வரி இருந்தது: இரண்டே இயந்திரம் என்றால் எந்தப் பக்கம் பெரும்பான்மை இயந்திரங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் அமைப்பை நிறுத்திவைத்துத் தொடங்கு, பிறகு கவனித்துக்கொள்ளலாம். நிறுத்திவைத்துத் தொடங்கினேன். எல்லாம் ஓடியது. பிறகு கவனிக்கவில்லை.

இங்கே எங்கள் தலைமை கிளார்க்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லாருக்கும் அவர் ‘மிஸ்’. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது, என்னை ‘மகள்’ என்றுதான் கூப்பிடுவார். புதிய சேர்வர்களைக் கண்ட அன்றே கீழே இருந்ததற்கு அக்கா என்றும் மேலே இருந்ததற்குத் தங்கச்சி என்றும் பெயர் வைத்துவிட்டார். ஒரு கிழமையில் முழு அலுவலகமும் அப்படியே சொல்லத் தொடங்கியது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மிஸ் கையில் ஒரு ஃபைலுடன் என் மேசைக்கு வந்தார்.

“மகள், இது என்னண்டு பாருங்களேன். இந்த நம்பர் என்ட. தேங்காய்த் தும்பு. மேல இருக்கிற பிள்ளை அதே நம்பரை வச்சுக்கொண்டு தேயிலை எண்டு சொல்றா.”

ஃபைல் எண்களைச் சேர்வர்தான் கொடுக்கும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்காது. கொடுத்திருக்கிறது என்றால்… இரண்டு சேர்வரும் ஒரே நேரத்தில் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே ஓடினேன். படிக்கட்டுச் சுவரில் ஏசி பூட்ட வந்தவர் காலையில் துளை போட்டிருந்தார். கீழ்த்தளத்தையும் மேல்மாடியையும் இணைக்கும் கேபிள் அந்தச் சுவருக்குள் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கேபிள் அறுந்ததும் கீழே இருந்தது தன் பாட்டில் வேலையைத் தொடர்ந்தது. பதில் வராததால், அக்கா செத்துவிட்டாள் என்று நினைத்துத் தங்கச்சியும் எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். கீழே இருந்தவர்கள் ஒன்றில் எழுதினார்கள், மேலே இருந்தவர்கள் மற்றதில் எழுதினார்கள். இரண்டும் ஒரே எண்களை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே போயின. மேலே இன்டர்நெட் இல்லாமல் போயிருந்தது. ஆனால் அது வழக்கமாகவே வந்து போகும் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. அரைநாள் முழுவதும் ஒரு குறையும் இல்லாமல், முழுத் திருப்தியோடு, எல்லாரும் பிழையாக வேலை செய்திருந்தார்கள்.

மேல்மாடியின் சேர்வரை உடனே நிறுத்தினேன். அதற்குள் மேலே போட்ட பத்திரங்களில் மூன்று, சுங்கத்தில் பத்திரங்களைக் கொடுக்கும் எங்கள் வார்ஃப் கிளார்க்கின் பையில் துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தன. மிஸ் என்னிடம் ஒன்றும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார். துறைமுக வாசலில் நின்ற அந்த மனிதரிடம், கொஞ்சம் நிற்கும்படி சிங்களத்தில் சத்தம் போட்டார். “பொட்டக் இன்ன மல்லி! உள்ளே கொடுக்க வேணாம், திருப்பிக் கொண்டு வாங்க!” பதற்றத்தில் பாதியிலேயே தமிழுக்கு வந்துவிட்டார். அந்த மனிதருக்கு அது விளங்கியிருக்கிறது. மூன்றும் திரும்பி வந்தன.

முதலாளியிடம் நானே போனேன். ஏசிக்காரர்மேல் பழியைப் போட ஒரு நிமிடம் மனம் வந்தது. பிறகு உள்ளதைச் சொன்னேன்.

“கேபிள் அறுந்தது விபத்து சேர். ஆனால் அறுந்தாலும் இப்பிடி நடந்திருக்கக் கூடாது. அதுக்கு ஒரு ஏற்பாடு செய்யவேணும். நான் செய்யாமல் விட்டிட்டன்.”

“எத்தினை ஃபைல்?”

“முப்பத்தொண்டு.”

“எப்ப சரிவரும்?”

“நாளைக்கு வந்து செய்யிறன் சேர்.”

அவர் மேசையில் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். “சரி. இப்ப போய்ச் சாப்பிடுங்கோ” என்றார். நான் அழாமல் வெளியே வந்தேன். சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அலுவலகம் இல்லை. தனியாக இருந்து மேல்மாடியின் முப்பத்தொரு ஃபைல்களையும் புதிய எண்களோடு கீழே உள்ளதில் பதியலாம் என்று வந்தேன். கதவு திறந்திருந்தது. மிஸ் உள்ளே இருந்தார், பாணும் மீன் குழம்பும் கொண்டுவந்து.

“நீங்க ஏன் மிஸ் வந்தீங்க?”

“பாத்துப் பாத்து அடிச்சா பிழை வரும் மகள். நான் வாசிக்கிறேன், நீங்க அடிங்க.”

வாசித்தார். கோயிலில் வாசிப்பதுபோலவே, ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்து, தும்பு எத்தனை கட்டு, தேயிலை எத்தனை பெட்டி என்று வாசித்தார். நடுநடுவே ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் ஒரு குறிப்பு வந்தது. “இவர் தங்கமான மனுசன், ஆனா கையெழுத்துப் போட மறப்பார்.” “இவங்கட கடிதத்தில ஒருநாளும் திகதி சரியா இருக்காது.” இருபத்து நாலாவது ஃபைலில் நான் எடையைப் பிழையாக அடித்தேன். அவர் திரையைப் பார்க்காமலே, “சைபர் ஒண்டு கூட” என்றார். விசை தட்டிய சத்தத்திலேயே கண்டுபிடித்தாராம். மூன்று மணிக்கு முடித்தோம். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை மூன்றாவது இயந்திரம் ஒன்றைச் சேர்த்தேன். உள்ளங்கை அளவு சின்னக் கணினி. கீழ்த்தளத்தில் மிஸ்ஸின் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இது என்ன வேலை செய்யும்?”

“ஒரு வேலையும் செய்யாது மிஸ். வோட்டுக்குக் கை மட்டும் தூக்கும். மூண்டில ரெண்டு ஒண்டையொண்டு பாத்தாத்தான் வேலை நடக்கும். தனியாப் போனது தானே நிண்டுபோகும்.”

“நல்லது. தனிய நிண்டு கத்திறதவிடப் பேசாம இருக்கிறது நல்லதுதான்” என்றார் மிஸ். அன்று மாலை வேலை நேரத்திலேயே அந்தக் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். மேல்மாடி சேர்வர் பேசாமல் இருந்தது. ஃபைல் திறக்கவில்லை என்று மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அவர் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டேன். எதைச் சொன்னார் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

போன மாதம் ரயில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது கைத்தொலைபேசியில் செய்தி வந்தது: கீழ்த்தளச் சேர்வர் பதில் தரவில்லை. கோட்டையில் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்காமல் முச்சக்கரவண்டி பிடித்து, வியர்த்து விறுவிறுத்து ஓடினேன். அலுவலகத்தில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. கீழே இருந்ததன் மின்பகுதி எரிந்து மணம் வந்தது. மேலே இருந்தது வேலையை எடுத்து முக்கால் மணி நேரமாகியிருந்தது. சந்தோஷமாக இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

மிஸ்ஸிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் எழுந்து படிக்கட்டடிக்குப் போய், இரண்டு தளத்துக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“எல்லாரும் கேளுங்க! அக்கா காலையிலயே செத்துப்போச்சு. தங்கச்சிதான் உங்க எல்லாரையும் பாக்குது. ஒருத்தருக்கும் தெரியல்ல!”

கீழே இரண்டு பேர் கை தட்டினார்கள். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்ப பிரிண்டர் ஏன் வேலை செய்யுதில்லை?”

நான் பையை வைத்துவிட்டு மேலே போனேன். காகிதம் சிக்கியிருந்தது.