சைதாப்பேட்டையில் ஒரு கைபர் கணவாய்

ஆற்றுச் சேற்றின் வாடை மூக்கில் ஏறும் அந்தச் சந்துதான், சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த எங்கள் குடிசைகளிலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஒரே வழி. ஒரு பக்கம் கிடங்கின் சுவர், மறுபக்கம் மரவாடியின் சுவர். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நான் ஒழுங்காகப் போன கடைசி வகுப்பு ஆறாவது. அதில்தான் வாத்தியார் கைபர் கணவாயை நடத்தினார். பெஷாவருக்கும் காபூலுக்கும் நடுவே மொட்டை மலைகளைப் பிளந்துகொண்டு போகும் வழி அது என்றும், பாரசீகர், துருக்கர், மொகலாயர் என்று எத்தனையோ படைகள் அதில் நுழைந்துதான் வந்தன என்றும் சொல்லிவிட்டு, "இடுக்கான எடத்துல நூறு பேர் நின்னா போதும், ஒரு படையையே நிறுத்திடலாம்" என்றார்.

அன்றே சந்துக்குக் "கைபர்" என்று பெயர் வைத்தோம். எங்கள் பட்டங்களை அறுத்துக்கொண்டு ஓடும் கடைத்தெருப் பையன்கள்தான் எதிரிப் படை. செல்வம் அவர்களுக்குத் தலைவன். ஒரு மழைநாள் சாயங்காலம் மரவாடிக் கட்டைகளைத் தூக்கிவந்து, இரண்டு சுவருக்கும் குறுக்கே ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஆப்பு வைத்து இறுக்கினோம். காலையில் பிரித்துவிடலாம் என்று நினைத்தோம்.

விடிந்தபோது ஆறு குடிசைக்குள் இருந்தது. தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா சந்துக்கு ஓடினாள். பின்னால் குடிசைச் சனமெல்லாம். நனைந்த கட்டைகள் ஊதி இறுகிவிட்டன, அசையவில்லை; ஏறப் பார்த்தால் கால் வழுக்கியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"எந்தப் பேமானி பண்ண வேல இது?" என்று ரிக்‌ஷாக்கார மாமா கத்தினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

கட்டை இடுக்கில் செல்வத்தின் முகம் தெரிந்தது. "இன்னா நைனா, கோட்ட கட்டிக்கினு உள்ளயே மாட்டிக்கினியா?"

"கொயந்த கீதுடா கண்ணு" என்றாள் அம்மா.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிவந்தான். கண்ட இடத்தில் இடித்தார்கள். ஆப்பை நாங்கள் எங்கள் பக்கமிருந்து அடித்திருந்தோம். அந்தப் பக்கமிருந்து தட்டினால்தான் கழலும். தண்ணீர் என் மார்புக்கு வந்தது.

"செல்வம், மேலேர்ந்து ரெண்டாவது கட்ட! அதோட ஓரத்துல தட்றா!" என்று கத்தினேன்.

இரண்டே அடியில் எல்லாம் சரிந்தது.

குடிசைகளைப் பிறகு ஊருக்கு வெளியே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சுவர்களும் இல்லை, அங்கே இப்போது பஸ் போகிறது. எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா சாகும்வரை கேட்கவில்லை.