சணலால் கட்டிய பதினொன்றாம் வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை எழிலரசி போன் செய்தாள். "அப்பா போயிட்டாருடி." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நம்ம கிளாஸ் குரூப்புல போட நீதான் எழுதணும். உனக்குத்தான் எழுத வரும். நல்லபடியா எழுது" என்றாள்.

எழுதுகிறேன்.

எழிலரசியின் அப்பா, நம் கணக்கு வாத்தியார் தனகோடி சாரைப் பற்றி நீங்கள் குழுவில் போட்டதையெல்லாம் படித்தேன். தெய்வம் என்று எழுதியிருப்பவன் சடையன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து நம்மோடு நூற்றுக்கு நூறு வாங்கியவன். கல்லூரிக் கணக்கில் தோற்று, இரண்டாம் வருடமே மலைக்குத் திரும்பியவன்.

எனக்கு நினைவில் இருப்பது ஒரு சணல் கயிறு.

பிளஸ் ஒன் முதல் நாள். புதுக் கணக்குப் புத்தகங்கள் வந்தன. நாம் பெயர் எழுதுவதற்குள் சார் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, சணலால் கட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கியது. இரண்டு வருடம் அந்த ஒரே புத்தகம். "பதினொண்ணுக்கு பப்ளிக் எக்ஸாமா வெக்கிறான்? புரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? கை பழகணும், அவ்ளோதான்."

கை பழகியது. வகையிடலில் கணக்கு எண்ணைச் சொன்னால் போதும், விடை எழுதிவிடுவோம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் என் அப்பா, டிராக்டர்காரர்களிடமெல்லாம் சொன்னார்: "எம்பொண்ணு கணக்குல நூறுங்க."

சேலத்தில் பொறியியல் கல்லூரி. முதல் வாரமே கணக்குப் பேராசிரியை என்னை எழுப்பிக் கேட்டார். வகையிடல் என்றால் என்ன? சூத்திரத்தைச் சொன்னேன்.

"சூத்திரம் கேக்கலம்மா. அது என்னன்னு கேட்டேன்."

பலகையில் இருந்தது நான் நூறு வாங்கிய அதே பாடம். ஒரு வரிகூடப் புரியவில்லை. எல்லாம் லிமிட்டில் தொடங்கியது; அது சார் பூட்டிவைத்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துப் பாடம்.

முதல் பருவத்தில் தோற்றேன். விடுமுறையில் சாரைத் தேடிப் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார்.

"லிமிட்னா இன்னா சார்?"

சிரித்தார். "அத நடத்த ஒரு மாசம் ஆவும்மா. அந்த மாசத்துல நாலு டெஸ்ட் வெக்கலாம். அத நடத்தியிருந்தா உனக்கு நூறு வந்திருக்காது. நூறு வரலேன்னா காலேஜே இல்ல. யாருக்கும் தேவப்படாத பாடம் அது."

மறுபடி எழுதி, மறுபடி தோற்றேன்.

சாரின் மகள் எழிலரசி நம் வகுப்பு. சேலத்தில் என் விடுதி அறையும்கூட. அவள் எதிலும் தோற்கவில்லை. அவளுக்கு மூளை என்று நினைத்திருந்தேன். படிப்பை விட்டுவிடுவதென்று பெட்டி கட்டிய நாளில், சீப்பு தேடி அவள் அலமாரியைத் திறந்தேன். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். முதல் பக்கத்தில் பென்சிலில் சாரின் கையெழுத்து: "ஸ்கூலுக்கு எடுத்துக்கினு வராத."

உள்ளே, ஓரமெல்லாம் அதே பென்சில். "எழிலு, ரயிலு சின்னசேலத்த நெருங்கிக்கினே இருக்குன்னு வெச்சிக்க. வந்து நின்னுச்சான்னு கேக்காத. எத நெருங்குதுன்னு மட்டும் பாரு. அதான் லிமிட்டு."

நான்கு வாக்கியம். ஒரு மாதம் ஆகவில்லை.

அதை எடுத்துக்கொண்டேன். எழிலரசி இரண்டு நாள் தேடினாள். நானும் அவளோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். நூலகத்தில் ஒளித்துவைத்துப் படித்தேன். தேறினேன்.

அவரைப் போலச் சொல்லிக்கொடுப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

நேற்று மறுபடி பேசினாள். "அப்பா கையெழுத்துன்னு வூட்டுல ஒண்ணுமே இல்லடி. அந்த புக்காவது இருந்திருக்கலாம்."

இருக்கிறது, எழில். என் அலமாரியில், சணலால் கட்டி. சடையன் கேட்டால் நாளைக்கே பஸ் ஏறிப் போய்க் கொடுப்பேன்.

உனக்குத் தர மாட்டேன்.