அப்பாவின் மணிக்கட்டு

தம்பியின் நாவல் வந்த வாரம், வீட்டில் ஆளாளுக்கு அதில் தங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். "குடிகாரன்னு போட்டாலும் கம்பீரமா போட்டிருக்கான்" என்று சித்தப்பா காட்டித் திரிந்தார். மாமாவுக்குத்தான் மனத்தாங்கல். அவ்வளவு தடிப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

அக்காவும் இருந்தாள். படுத்த படுக்கையான தகப்பனின் கையைத் துண்டால் கட்டில் கம்பியோடு இறுக்கிக் கட்டிவிட்டு, பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கும் மூத்த மகளாக.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அக்காதான். பீ, மூத்திரம், மூக்குக் குழாய், படுக்கைப் புண் எல்லாம் அவள் கைதான். நிஜத்தில் கட்டியது தம்பி. அவள் காய்ச்சலில் கிடந்த ஒரு மத்தியானம் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்தவன், அவர் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று கட்டிப்போட்டு வெளியே போய்விட்டான். அவள் எழுந்து வந்து அவிழ்த்தபோது மணிக்கட்டு கன்றியிருந்தது. "என்னடி இது?" என்று அம்மா கேட்டதற்கு, "ஊசி போட்ட இடம்மா" என்று மூடி மறைத்தாள். பழக்கமில்லாதவன், பயந்துவிட்டான், போகட்டும் என்று விட்டாள்.

இப்போது இடுப்பெலும்பு முறிந்து அம்மா அதே கட்டிலில் கிடக்கிறாள். சித்தப்பா புத்தகத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அக்கா உடம்பு துடைக்கப் போனாலே அம்மாவின் இரண்டு கையும் போர்வைக்குள் போய்விடும்.

தம்பி வந்ததும் அக்கா அவனை அடுப்படியில் நிறுத்திக் கேட்டாள்.

"அப்பாவைக் கட்டினது யாருடா?"

"அது கதைக்கா. நீன்னு யாரு சொன்னா?"

"அம்மா நம்புறாங்க. கட்டினது நீதான்னு போய்ச் சொல்லு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் கட்டினத என்னால தாங்க முடியலக்கா. நீன்னா தாங்கிக்குவியேன்னு..."

"போய்ச் சொல்லு."

போனான். "எல்லாம் கற்பனைம்மா" என்றான்.

"அப்ப அவரு கையில இருந்த கன்றல்?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அக்கா வாசற்படியில் நின்றாள். "அம்மாவத் திருப்பிப் படுக்கவைக்கணும். இன்னிக்கு நீ செய்."

அவன் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தான். அம்மா அலறினாள்.

"இழுக்காத. ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலையணைய வை. இடுப்புக்கு அடியில கை குடு."

ஒருவழியாகத் திருப்பினான். அம்மா மூச்சு வாங்கியபடி போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவன் கையைத் தடவினாள். "பாவம், இவனுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

அம்மாவுக்கு அடியிலிருந்து அவன் உருவிப் போட்ட நனைந்த விரிப்பு கட்டிலடியில் கிடந்தது. அக்கா அதை எடுக்கக் குனியவில்லை.