அடுத்த மேசைக்குப் போன ரோஸ்ட்

எடப்பாடியில் நான் டீச்சர் வேலை பார்த்தபோது, பள்ளிக்கூடத்துக்கும் என் வாடகை வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டல் இருந்தது. சாயங்காலம் அந்த வழியாக வந்தால் நெய் ரோஸ்ட் வாசனை தெருவிலேயே மறித்துக்கொள்ளும். எழுபதுகளின் கடைசி அது. பெண்பிள்ளை தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கும். என் வீட்டுக்காரருக்கு மேட்டூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். அந்த ஓட்டலுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு! வருஷக்கணக்கில் வாசனையோடு வீட்டுக்குப் போய் மத்தியானச் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

பார்சல் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். இலையில் மடித்த ரோஸ்ட் வீடு வந்து சேர்வதற்குள் ஈரத்துணி ஆகிவிடும். எனக்கு வேண்டியது கல்லிலிருந்து எடுத்த கையோடு முறுமுறுவென்று என் முன்னால் வருகிற ரோஸ்ட்.

ஒரு வியாழக்கிழமை அவர் லீவு போட்டு வந்தார். விடவில்லை நான், அன்று சாயங்காலமே அழைத்துக்கொண்டு போய்விட்டேன். ரெண்டு நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கல்லாவில் இருந்த முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சாருக்கு எந்த ஊருங்க?"

ஊர் விசாரிக்க ஆள் கிடைத்தால் என் வீட்டுக்காரருக்குப் பசியே மறந்துபோகும். "மல்லசமுத்திரம் பக்கமுங்க" என்றார். அதோடு நிறுத்தினாரா? குலசாமி எது என்று அவர் கேட்க, இவர் கோயிலைச் சொல்ல, முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அட, நம்ம பங்காளிங்களா! பங்காளி ஊட்டுக்காரங்களைக் கடையில உக்கார வெச்சுப் போட்டன்னு தெரிஞ்சா என்னைய நாலு பேரு என்ன பேசுவாங்க? எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்."

அந்த நேரம் பார்த்து ரோஸ்ட் வந்தது. நெய் மினுங்க, இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு. "அதைய அந்த மேசைக்குக் குடுப்பா" என்றார் முதலாளி. லாரிக்காரர் ஒருவர் அதை முறித்த சத்தம் எனக்குக் கேட்டது. "இருக்கட்டுங்க, இங்கேயே சாப்பிடறோம்" என்றேன். யார் காதில் விழுந்தது? இவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அழுகை வருகிற மாதிரி கோபம் வந்தது எனக்கு.

வீடு ஓட்டலுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆண்கள் இருவரும் வெளியே கட்டிலில் உட்கார்ந்து எந்தத் தாத்தா யாருக்குத் தம்பி என்று தேட ஆரம்பித்தார்கள். முதலாளியின் சம்சாரம் அவசர அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து ரவை உப்புமா கிண்டினார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் வந்து நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கல்லில் மாவு சுர்ரென்று விழுந்துகொண்டே இருந்தது. நெய் வாசனை இந்த வீட்டு அடுப்படி முழுக்க நிறைந்திருந்தது. உப்புமாவைக் கடனே என்று விழுங்கினேன். இந்த மகராசிக்கு என்ன குறை, நினைத்தபோது ரோஸ்ட் என்று உள்ளுக்குள் பொருமினேன்.

இரண்டாவது கரண்டி வைக்க வந்தவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"ஏனுங் டீச்சர், கடைக்குள்ளாரயே போய் உக்காந்தீங்களாமா?"

"ஆமாங்க அக்கா."

"கண்ணாலமாகி வந்த நாளா வாசம் மட்டுந்தானுங்க எனக்கு. கடைக்குப் பொம்பளைங்க போகப்படாதுன்னு மாமியார் சொன்னாங்க, அவிய போனப்புறம் இவிய சொல்றாங்க. அந்த ரோஸ்ட்டு, கல்லுல இருந்து எடுத்ததும் தின்னா எப்படிங்க இருக்குது?"